மார்கழிக் குளிரும் எண்ணூர் ஆறும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

"மார்கழி மாதம், விடியற்காலையில் எழுந்து ஆற்றோரமாக நடக்கப் போகிறேன்" என்று நான் சொன்னதும் என் தாயார் கேட்ட முதற்கேள்வி, "ஏன், பஸ் ஓடலையா?" என்பதுதான். நம் பக்கத்தில் நடப்பதென்றால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். திருத்தணிக்குக் காவடி எடுத்தவர் நடப்பார். சட்டைப்பையில் காசு இல்லாதவர் நடப்பார். இரயிலைத் தவறவிட்டவர் நடப்பார். நடப்பதற்காகவே நடப்பவரை நம் தெருவில் யாரும் பார்த்ததில்லை. எனக்கும் ஒரு காரணம் இருந்தது. அதைச் சொன்னால் தாயார் இன்னும் அதிகமாகக் கவலைப்பட்டிருப்பார் என்பதால் சொல்லவில்லை.

சென்ற ஆண்டு வெப்பவியல் படித்துக்கொண்டிருந்தபோது, நம் கல்லூரியிலேயே விலங்கியல் படிக்கும் என் நண்பன் ஒரு செய்தி சொன்னான். அவன் எண்ணூர்ப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தைச் சேர்ந்தவன். "உங்க புத்தகத்துல என்னவோ இருக்கட்டும். எங்க ஆத்துல ஒரு எடத்துல மார்கழிப் பனியிலயும் தண்ணி சுடும். வந்து கால வெச்சுப் பாரு" என்றான். அதைப் பார்க்கத்தான் கிளம்பினோம். பாரிமுனையில் ஒரு சாராய வெப்பமானி வாங்கி, சட்டைப்பையில் குத்திக்கொண்டு, திருவொற்றியூரிலிருந்து முதல் பஸ் பிடித்து மணலி புதுநகரில் இறங்கினோம். நாப்பாளையம் பாலத்தை அடைந்தபோது பொழுது இன்னும் முழுமையாக விடியவில்லை.

குளிரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வடநாட்டவர் நம் குளிரைக் கேட்டால் சிரிப்பார்கள். சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 பாகை செல்சியஸ்தான். 1895 டிசம்பரிலும் 1905 சனவரியிலும் அந்த அளவுக்கு இறங்கியது. சாதாரண மார்கழிக் காலையில் இருபது, இருபத்தொன்று இருக்கும். ஆயினும் வெயிலுக்குப் பழகிய நம் உடம்புக்கு அதுவே குளிர். காதில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் நடந்தோம்.

இந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது? ஆடி, ஆவணியில் நம் தலைக்கு நேர் மேலே வந்து போகும் சூரியன், மார்கழியில் நண்பகலில்கூட ஐம்பத்தாறு பாகை உயரத்திற்கு மேல் ஏறுவதில்லை. சாய்ந்து விழும் வெயிலுக்கு வேகம் குறைவு. இரவும் நீளம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்துவிடுகிறது. மேகம் என்னும் போர்வை இல்லாததால், பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் தரை வானத்திற்கே கதிர்வீசித் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மேலும், உலர்ந்த வாடைக்காற்று. தரை இப்படிச் சீக்கிரம் குளிரும்போது, தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் குளிர்வதில்லை. தண்ணீரின் தன்வெப்பம் மிகுதி என்பது நாம் அறிந்ததே. எனவே விடியற்காலையில் காற்றைவிட ஆறு சற்று வெதுவெதுப்பாக இருக்கும். அதிலிருந்து எழும் ஈரக்காற்று மேலே உள்ள குளிர்ந்த காற்றில் பட்டதும் வெண்மையான ஆவியாகத் தெரியும். பாலத்தின் மேலிருந்து பார்த்தபோது ஆறு முழுவதும் அப்படித்தான் ஆவி பறந்துகொண்டிருந்தது. இது இயற்கையான சூடு. நண்பன் சொன்ன சூடு வேறு.

அந்த ஆற்று நீரை அளக்க எண்ணி வெப்பமானியை நூலில் கட்டிப் பாலத்திலிருந்து இறக்கினேன். பாதி தூரத்தில் முடிச்சு அவிழ்ந்தது. என் வெப்பமானி ஆற்றோடு போயிற்று. "முடிச்சுப் போடத் தெரியாதவனெல்லாம் இயற்பியல் படிக்கிறான்" என்றான், வலை பின்னும் குடும்பத்தில் பிறந்தவன். ஆகவே இக்கட்டுரையில் ஆற்று நீரின் வெப்பநிலை எண்களை ஆசிரியப் பெருமக்கள் தேட வேண்டாம். அன்று முழுவதும் எங்களுக்குக் காலே வெப்பமானி.

இந்த ஆற்றுக்குப் பெயர்கள் பல. ஏட்டில் கொசஸ்தலை, பழைய வழக்கில் கொற்றலை, கரையில் வாழ்வோருக்கு வெறும் 'ஆறு', கடலை நெருங்கினால் 'கழி'. திருவள்ளூர் மாவட்டத்தின் பள்ளிப்பட்டுப் பக்கம் தோன்றி, 136 கிலோமீட்டர் ஓடி, எண்ணூரில் கடலில் கலக்கிறது. கேசாவரம் அணைக்கட்டில் பிரிந்து நகருக்குள் வரும் கிளையே நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கும் கூவம். 1944இல் பூண்டியில் இந்த ஆற்றின் குறுக்கே நீர்த்தேக்கம் கட்டினார்கள். சென்னை மேயராக இருந்து அதற்கு முயன்ற சத்தியமூர்த்தியின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. 3,231 மில்லியன் கன அடி கொள்ளும் அந்த ஏரியால் நகரம் தண்ணீர் குடிக்கிறது. ஏரி நிரம்பி மதகு திறக்கும் நாட்களில்தான் கீழே உள்ள ஆற்றுக்கு நிறைய நீர் வரும். மற்ற நாட்களில் மேலிருந்து வரவு சொற்பம். கீழிருந்து கடல்நீர் ஏறி வருவதே பெரும்பங்கு. இந்தச் செய்தியை நண்பர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன். பின்னால் வேண்டியிருக்கும்.

இந்த ஆற்றோரம் நடந்தவர்களில் நாங்கள் மிகவும் பிந்தியவர்கள். பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் 1863ஆம் ஆண்டு இராபர்ட் புரூஸ் பூட் என்னும் புவியியல் அறிஞரும் அவருடைய தோழர் வில்லியம் கிங்கும் கற்கோடரிகளைக் கண்டெடுத்தனர். அவர்களும் ஆற்றோரம் நடந்த இரு நண்பர்களே! அதே இடத்தில் சாந்தி பப்பு குழுவினர் பல்லாண்டு அகழ்ந்து, 2011இல் அக்கருவிகளுள் பழமையானவற்றுக்குச் சுமார் பதினைந்து இலட்சம் ஆண்டு வயது என்று வெளியிட்டனர். 2018இல் வந்த மற்றோர் ஆய்வு, அங்கே கிடைத்த நுணுக்கமான கருவிகள் 3,85,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்றது. நம் ஊர் ஆற்றைப் பற்றி உலக விஞ்ஞானிகள் பேசுகிறார்கள் என்பதை நான் இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன். பள்ளியில் தேம்ஸ் நதியைப் படித்திருக்கிறேன்.

பாலத்தை விட்டுக் கிழக்கே திரும்பினோம். கரை சில இடங்களில் இருக்கிறது. சில இடங்களில் கருவேலம் புதர்தான் கரை. எதிரே புகைபோக்கிகள் வரிசையாகத் தெரிந்தன. இங்கே ஒன்றைக் கவனித்தோம். மிக உயரமான புகைபோக்கிகளின் புகை மேலே எங்கோ நேராகப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் தாழ்ந்த புகைகள், அதாவது குப்பை எரிக்கும் புகை, லாரி கிளப்பும் தூசு, சிறு ஆலைகளின் புகை இவையெல்லாம் ஒரு பனைமர உயரத்திற்கு ஏறி, கூரையில் முட்டியதுபோல் பக்கவாட்டில் பரவின. குளிர்ந்த தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகக் கீழேயும், வெப்பமான காற்று மேலேயும் நிற்பதால் உண்டாகும் தலைகீழ் அடுக்கு இது. வழக்கமாக உயரே போகப்போகக் குளிரும். இங்கே சிறிது தூரத்திற்கு மாறாக இருக்கும். அந்த மூடிக்குக் கீழே அகப்பட்ட புகை வெயில் ஏறும் வரை வெளியேறாது. போகிப் பண்டிகையன்று நாம் டயரைக் கொளுத்திவிட்டு மூச்சு முட்டுவது இதனால்தான். ஆலைகளைக் குறை சொல்லும் நாம் அந்த ஒரு நாள் செய்வதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

வெயில் வந்தது. மணி எட்டு இருக்கும். கரையோரத்து மண்ணின் நிறம் மாறியிருப்பதைக் கண்டேன். சேறு கறுப்பாக அல்லவா இருக்கவேண்டும்? இங்கே வெளிறிய சாம்பல் நிறம். நண்பன் ஒரு கட்டியை எடுத்து என் கையில் வைத்தான். எடையே இல்லை. "இதுதான் சாம்பல். காஞ்சா ஓடு மாதிரி எறுகிடும். எறா இதுல எப்படிப் பொதையும்?" என்றான்.

நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சாம்பலாகவே எஞ்சும். எண்ணூரில் 1970 முதல் மின்சாரம் தந்த பழைய அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டுவிட்டது. 1990களில் வந்த வடசென்னை அனல்மின் நிலையமும், அதன்பின் வந்த விரிவாக்கங்களும், வல்லூர் நிலையமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கழிவுச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளங்களுக்கு அனுப்புவது வழக்கம். குழாய் உடையும், சாம்பல் கழியில் கொட்டும், ஆண்டுக்கணக்கில் இப்படி நடந்தது பற்றித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குகள் நடந்துள்ளன. நாம் விளக்குப் போட்டுக்கொண்டு தேர்வுக்குப் படிக்கும் மின்சாரத்தின் மறுபாதி இது. எனக்கு இதில் கோபம் வருவதா, வெட்கம் வருவதா என்று தெரியவில்லை. இரண்டும் வந்தன.

பக்கிங்காம் கால்வாய் குறுக்கிடும் இடத்தில் கரை அறுந்துபோகிறது. 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய கால்வாய் இது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்தில் கூலி வேலையாக இதனை நீட்டி இணைத்து, அன்றைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரைச் சூட்டினர். ஒரு காலத்தில் உப்பும் சவுக்கு விறகும் படகில் நகருக்கு வந்த வழி. இப்போது அதில் வருபவை வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்தபோது மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து இக்கால்வாய் வழியே கழிக்கு வந்து சேர்ந்தது. கூழைக்கடாக்கள் கறுப்பாகி நின்ற படங்களை யாவரும் பார்த்திருப்பீர்கள். நண்பன் வீட்டுச் சுவரில் வெள்ளம் ஏறிய உயரத்தில் ஒரு கறுப்புக் கோடு உண்டு. இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தும் அது மேலே வந்துவிடுகிறதாம்.

அங்கே ஒரு பெரியவர் சிறு படகில் நண்டு வலையை உதறிக்கொண்டிருந்தார். நண்பனை அடையாளம் கண்டு, "ஏறுங்க தம்பி, இப்ப தண்ணி ஏறுது. அப்புறம்னா சேத்துல எறங்கி நடக்கணும்" என்றார். வலையில் நண்டு இரண்டே. மற்றபடி கறுத்த சிறு சிப்பிகள் கொத்துக் கொத்தாக. இதனைக் 'காக்கா ஆழி' என்கிறார்கள். தென் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த இந்தச் சிப்பி கப்பல்களின் வழியாக இங்கே வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்பது கருத்து. அடிமண்ணைக் கம்பளம்போல் மூடிக்கொள்வதால், முன்பு கையால் அள்ளிய மட்டி கிடைப்பதில்லை. இறால் மேய இடமும் இல்லை. உலக வாணிகம் என்பது இறக்குமதி சாமான் மட்டுமன்று என்பதை அந்த வலையில் கண்டேன்.

கால்வாயைத் தாண்டிச் சற்று தூரம் போனதும் நண்பன் படகை நிறுத்தச் சொன்னான். "இப்ப எறங்கு."

இறங்கினேன். முழங்கால் அளவுத் தண்ணீர். சூடு! கொதிக்கும் சூடு அன்று. குளிர்காலத்தில் தாயார் குளிக்க விளாவிக் கொடுப்பாரே, அந்தச் சூடு. காதில் துண்டும் காலில் வெந்நீருமாக நின்றேன். இதன் காரணம் நாம் படித்த பாடத்திலேயே இருக்கிறது. நீராவி இயந்திரம் எதுவும் தான் பெற்ற வெப்பம் முழுவதையும் வேலையாக மாற்ற முடியாது. ஒரு பங்கைக் குளிர்ந்த ஏதோ ஒன்றுக்குக் கொடுத்தே ஆகவேண்டும். அனல்மின் நிலையத்தில் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. ஏறத்தாழப் பாதி, நீராவியைக் குளிர்விக்கும் தண்ணீரோடு வெளியே போகிறது. கார்னோ என்னும் பிரெஞ்சு இளைஞர் 1824இல் எழுதியதை நான் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினேன். அந்த 'குளிர்ந்த ஏதோ ஒன்று' என் நண்பனின் ஆறு என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

சூடானால் என்ன, குளிருக்கு இதம்தானே என்று கேட்கலாம். நானும் கேட்டேன். விலங்கியல் மாணவன் பதில் சொன்னான். நன்னீரில் 25 பாகையில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும்; 35 பாகையில் 7 மில்லிகிராம்தான். உப்பு நீரில் இன்னும் குறைவு. சூட்டில் மீனின் உடலுக்கு ஆக்சிஜன் தேவையோ அதிகமாகும். வரவு குறைந்து செலவு கூடிய குடும்பத்தின் நிலை. மேலும், பருவத்தைத் தண்ணீரின் குளிர்ச்சியால் அறியும் உயிர்களுக்கு மார்கழி வந்ததே தெரியாமல் போய்விடுகிறது.

இனி ஏற்றவற்றத்திற்கு வருகிறேன். என் கருத்தில் இந்த ஆற்றின் உயிர் இதில்தான் இருக்கிறது. கடல் நாளொன்றுக்கு இருமுறை ஏறுகிறது, இருமுறை வற்றுகிறது. நம் கரையில் இந்த ஏற்றம் பெரிதன்று. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏறத்தாழ ஒரு மீட்டர். ஏறும்போது கழி நிறைகிறது. வற்றும்போது அத்தனை நீரும் முகத்துவாரம் என்னும் குறுகிய வாய் வழியே கடலுக்குத் திரும்ப ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் வேகமே வாயில் படியும் மணலைத் தள்ளி வெளியேற்றுகிறது. மேலிருந்து ஆற்று நீர் வராத மாதங்களில் இதைத் தவிர வேறு துடைப்பம் இல்லை.

இப்போது ஒரு சிறு கணக்கு. ஒரு ஹெக்டேர் பரப்புள்ள கழியை மண்ணோ சாம்பலோ போட்டு நீர்மட்டத்துக்கு மேல் மேடாக்கினால், அங்கே ஏறி இறங்கிய நீர் எவ்வளவு குறையும்? பத்தாயிரம் சதுர மீட்டர். ஒரு மீட்டர் ஏற்றம். பத்தாயிரம் கன மீட்டர். ஒவ்வோர் ஏற்றத்துக்கும் அவ்வளவு குறையும். 1996இல் ஒப்புதலான கடற்கரை மண்டல வரைபடம் எண்ணூர்க் கழியில் ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் கட்டடம் கூடாத பகுதியாகக் காட்டியது. பின்னால் வந்த ஒரு வரைபடத்தில் கழியையே காணோம் என்று 2017இல் மீனவர்கள் எடுத்துக்காட்டினர். தூர்ந்த ஒவ்வொரு ஹெக்டேரும் துடைப்பத்தில் ஒரு குச்சியை உருவியதற்குச் சமம். எங்கோ மேற்கே கொட்டிய சாம்பலுக்கும் கிழக்கே அடைபடும் வாய்க்கும் உள்ள தொடர்பு இதுதான். நண்பனின் தந்தை இதைப் படிக்காமலேயே சொல்வாராம்: "வயிறு சுருங்கினா வாய் மூடிக்கும்."

மணல் எங்கிருந்து வருகிறது என்பதும் சுவையான செய்தி. நம் கரையோரம் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலை வடக்கு நோக்கியும், வாடைக்காலத்தில் தெற்கு நோக்கியும் நகர்த்துகின்றன. கணக்குத் தீர்த்தால் வடக்கே போவதே மிகுதி. 1876இல் சென்னைத் துறைமுகத்தின் சுவர்களைக் கடலுக்குள் கட்டத் தொடங்கியதும் அந்த ஓட்டம் தடைப்பட்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே, மணல் கிடைக்காத கடல், இராயபுரம் முதல் எண்ணூர் வரை கரையைத் தின்றது. மெரினாவில் சுண்டல் தின்னும் அன்பர்கள் நம் தெருக்களின் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எண்ணூர் மணலுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. இந்தியாவில் சிமெண்டின் வலிமையைச் சோதிக்கத் தரமான மணலாகக் கொள்ளப்படுவது எண்ணூர் மணலே.

முகத்துவாரம் அடைந்தபோது நண்பகல். வாடைக்காற்று நேரே முகத்தில் அடித்தது. வாயின் ஒரு பக்கம் மணல்திட்டு. நண்பன் மௌனமாக நின்றான். வெள்ளை இறால் கடலில்தான் முட்டையிடும். ஆனால் குஞ்சுகள் இந்த வாய் வழியே கழிக்குள் வந்து, சேற்றில் புதைந்து, சில மாதம் வளர்ந்து, பின்பு கடலுக்குத் திரும்பும். வாய் மூடினால் உள்ளே வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. இந்த இறாலை நம்பி, கழியை ஒட்டிய குப்பங்கள் 'பாடு' என்று ஒரு முறை வைத்திருக்கின்றன. எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்பது முறை வைத்துச் சுற்றி வரும். வலியவன் தினமும் நல்ல இடத்தைப் பிடிக்க முடியாது. எளியவனுக்கும் அவன் நாள் வரும். ஓர் ஆண்பிள்ளை வயதுக்கு வந்ததும் பாட்டில் பெயர் சேர்ப்பார்கள்.

நண்பனுக்கு இருபது வயது. பெயர் இன்னும் சேர்க்கவில்லை. "பாடு வந்தா போய் நின்னா, டீசல் காசு வரல. நைனா பேரு சேக்க வேணாங்கறாரு. நான் சேக்கணுங்கறேன்" என்றான். ஏன் என்று கேட்டேன். "பேரு இருந்தாத்தானே ஆத்தப் பத்திப் பேச நமக்கு பாத்தியதை? நான் டிகிரி வாங்கிட்டுப் பேசினா வெளியாளு பேசுற மாதிரி" என்றான். (குப்பத்தின் பெயரையும் தன் பெயரையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.)

அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். அவன் தந்தை திண்ணையில் பழைய வலையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு மகனிடம், "வாய்ல இழுப்பு எப்படி இருக்கு?" என்றார்.

"இல்ல நைனா. வத்தும்போதுகூட முழங்காலுக்குத்தான் ஓடுது."

"ம்." சற்று நேரம் வலையையே பார்த்தார். "கூட்டம் பொங்கல் கழிச்சு. அதுக்குள்ள பரீட்சை ஏதாவது இருக்கா?"

"இல்ல."

அவர் வேறொன்றும் சொல்லவில்லை. உள்ளிருந்து அவன் தாயார் சாப்பிடக் கூப்பிட்டார். மடவை மீன் குழம்பு. கழியில் பிடித்ததா என்று நான் ஆவலுடன் கேட்டேன். "காசிமேட்டுல வாங்கினது தம்பி" என்றார்.